கால நீட்டிப்பு: எந்தக் கடிகாரம் என்று முதலில் கேளுங்கள்

"வேகமாகப் போனால் கடிகாரம் மெதுவாக ஓடும்" என்று கால நீட்டிப்பை மனப்பாடம் செய்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. நம்மைப் பொறுத்து நகரும் கடிகாரம் நம் அளவீட்டில் மெதுவாக ஓடுவதுதான் அது. யார் அளந்த வேகம்? ராக்கெட்டில் இருப்பவருக்கு அவருடைய கடிகாரமும் நாடித்துடிப்பும் வழக்கம்போலத்தான் இருக்கும். ராக்கெட் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பார் பூமியில் இருப்பவர். சீராகப் பறக்கும்வரை, பூமிக் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது என்பார் ராக்கெட்டில் இருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் சரி.

சூத்திரத்தில் எதை எங்கே போடுவது என்பது அடுத்த தடுமாற்றம். கடிகாரத்தோடு செல்பவர் அளக்கும் நேரத்தை, வேகத்தைப் பொறுத்த ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கினால் நாம் அளக்கும் நேரம் வரும். மியூவானை எடுத்துக்கொள்வோம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. பிறப்பு, சிதைவு இரண்டும் மியூவானிடமே நடப்பதால், அதனோடு செல்லும் கடிகாரம் காட்டும் நேரம் இது. யார் யார் அளந்தாலும் வரும் நேரங்களில் இதுதான் மிகக் குறைவு. ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதம் என்றால் பெருக்கு எண் ஏறக்குறைய 10. நம் கணக்கில் ஆயுள் 22 மைக்ரோ நொடி. வழியில் இழக்கும் ஆற்றலை விட்டுவிட்டால், பத்தில் ஒன்று தரைக்கு வந்துவிடும். நீட்டிப்பு இல்லையென்றால் ஆயிரம் கோடியில் ஒன்று வந்தாலே அதிகம்!

இங்கேதான் பலர் ஆயுளையும் நீட்டி, தூரத்தையும் சுருக்கிவிடுகிறார்கள். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆயுள் நீள்கிறது, 15 கி.மீ. அப்படியே இருக்கிறது. மியூவான் பக்கத்தில் ஆயுள் அதே 2.2, தூரம்தான் பத்தில் ஒன்றாகச் சுருங்கி 1.5 கி.மீ. ஒரே கணக்கில் இரண்டையும் போட்டால் விடை ஏறக்குறைய எட்டு மடங்கு தப்பும்.

கண்ணுக்குத் தெரிவதையும் கால நீட்டிப்பையும் ஒன்றாக்கக் கூடாது. ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் நம்மை நோக்கி வரும் கடிகாரம், பார்வைக்கு இரண்டு மடங்கு வேகமாக ஓடும். கடிகாரம் நெருங்க நெருங்க ஒளி வந்துசேரும் நேரம் குறைவதால் வரும் டாப்ளர் விளைவு அது. ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழித்த பிறகுதான் அது 1.25 மடங்கு மெதுவாக ஓடுவது தெரியவரும்.

சரி, இரட்டையர் புதிர்? இரட்டையரில் ஒருவர் ராக்கெட்டில் போய்த் திரும்பினால், பூமியில் இருந்தவரைவிட அவருக்கு வயது குறைவாக இருக்கும். திரும்பும்போது உண்டாகும் முடுக்கம்தான் வயதைக் குறைக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் வளையத்தில் சுற்றும் மியூவான்களுக்குப் புவியீர்ப்பைப்போல் கோடி கோடி மடங்குக்கும் மேலான முடுக்கம். 1977-இல் வெளியான அளவீட்டில் அவற்றின் ஆயுள் வேகத்தை மட்டுமே பொறுத்திருந்தது. திரும்புவதால் பயணியின் பாதை வேறாகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள். வேகத்தால் அதன் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும் என்பது உண்மை. ஆனால் உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும். அது ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல். மொத்தத்தில் 38 முந்துகிறது.