கொழுந்து வண்டி மட்டும் வரும் தடங்கள்: நீலகிரியில் முதல் கிராவல் சவாரிக்கு ஒரு செய்முறை

வீடு கட்டும்போது "ஒரு லோடு கிராவல் அடிங்க" என்போமே, அந்தக் கிராவல்தான். அந்த மாதிரி சரளை மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள்தான் கிராவல் பைக். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் டயர் அகலம், கியர் லேசு, டிஸ்க் பிரேக்.

நீலகிரிக்குச் சைக்கிளோடு வருகிறவர்களில் பலர் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து மெயின் ரோட்டிலேயே ஏறுகிறார்கள். பஸ்ஸுக்கும் சுற்றுலா வேனுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே களைத்துப் போகிறார்கள். அந்த ரோட்டை விட்டு அரைக் கிலோமீட்டர் உள்ளே போனால், தேயிலைக் கொழுந்து ஏற்ற வரும் எஸ்டேட் வண்டியைத் தவிர வேறெதுவும் வராத தடங்கள் இருக்கின்றன. கோத்தகிரிப் பக்கம் அவற்றில் ஏழு வருடமாக ஓட்டுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பேன்: ஏறுவதற்கு முன் இறங்கப் பழக வேண்டும். ஏற்றத்தில் தப்புச் செய்தால் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். இறக்கத்தில் தப்புச் செய்தால் கை உடையும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டித்தான்.

படி 1: இருக்கிற சைக்கிளைப் பாருங்கள்

முதல் சவாரிக்கென்று புது சைக்கிள் வாங்காதீர்கள். கியர் உள்ள எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) அல்லது ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்தது) போதும். டயரின் பக்கவாட்டில் 700×40 என்பது போல எழுதியிருக்கும். இரண்டாவது எண்தான் அகலம், மில்லிமீட்டரில். அது 38-க்குக் குறையக்கூடாது. எம்.டி.பி. டயரில் 2.1 என்று அங்குலத்தில் இருந்தால் தாராளம்.

அடுத்து பற்களை எண்ணுங்கள். பெடலோடு சுற்றும் பல்சக்கரங்களில் சின்னது, பின் சக்கரத்தில் பெரியது. பின்னால் உள்ள எண்ணிக்கை முன்னால் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். முன்னால் 32, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். எஸ்டேட் தடங்களின் செங்குத்தில் அந்த லேசான கியர் இல்லாவிட்டால் பாதியிலேயே கால் நின்றுவிடும். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள்.

படி 2: காற்றைக் குறையுங்கள்

நம் ஊரில் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, கல்லு மாதிரி இருந்தால்தான் திருப்தி. மண் தடத்தில் அது ஆகாது. இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் துள்ளும், துள்ளும் நேரத்தில் மண்ணில் பிடிப்பு இருக்காது. கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கி உருளும்.

60 முதல் 65 கிலோ எடை உள்ளவர், டியூப் போட்ட 40 மி.மீ. டயரில் முன்னால் 35 பி.எஸ்.ஐ. (பம்பு மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு), பின்னால் 38 வைத்து ஆரம்பிக்கலாம். 2.1 அங்குல டயருக்கு 26-ம் 29-ம். எடை கூடினால் 10 கிலோவுக்கு 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முன் சக்கரத்தில் எப்போதும் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ரொம்பவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் அடுத்த முறை 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். மீட்டர் வைத்த கால்பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும், விரலை நம்பி இதைச் செய்ய முடியாது.

படி 3: மைதானத்தில் பிரேக் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டினேன். முதல் வருடம், ஒரு செம்மண் இறக்கத்தில், வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கினேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கையும் உரிந்து மூன்று வாரம் சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிட்டேன்.

மண் மைதானம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். முதலில் நடந்து போகும் வேகத்தில் ஓட்டி, பின் பிரேக்கை மட்டும் அமுக்கிச் சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டுங்கள். வழுக்கும், சத்தம் வரும். உடனே விடுங்கள், நேராகிவிடும். பத்து முறை செய்தால் வழுக்குவது என்ற பயமே குறைந்துவிடும். பிறகு முன் பிரேக், ஒரே விரலால். சக்கரம் நிற்கும் அளவுக்குப் போகாமல், அதற்குச் சற்று முன்னால் எங்கே பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதனால் அதைத் தொடாமலே ஓட்டுவதும் ஆபத்துதான்.

கடைசியாகத் தரையில் ஒரு கோடு கிழித்து, 15 கி.மீ. வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் மெல்லச் சேர்த்து அமுக்கி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, கோட்டுக்குள் நில்லுங்கள். வழுக்காமல் தொடர்ந்து ஐந்து முறை நின்றுவிட்டால் மலைக்கு வரலாம்.

படி 4: தடத்தைத் தேர்ந்தெடுத்து அனுமதி கேளுங்கள்

முதல் சவாரி 12 கி.மீ., மொத்த ஏற்றம் 250 மீட்டருக்குள் இருக்கட்டும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு வரை தார் ரோட்டின் இரு பக்கமும் தேயிலைதான். அங்கிருந்து பிரியும் தடங்கள், ஹட்டிகளை (படகர் மக்களின் ஊர்களை) இணைக்கும் ஊர்ச் சாலைகள் என்று அந்தப் பக்கம் தேடலாம். செயற்கைக்கோள் படத்தில் தடம் தெரியும், சரிவு தெரியாது. அதற்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடம் நல்லது. அதில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு கிலோமீட்டர் தடம் ஐந்து கோடுகளைத் தாண்டினால் 100 மீட்டர் ஏற்றம், அதாவது 10 சதவீதம். முதல் நாளுக்கு மூன்று கோடு போதும்.

தேயிலைக்காட்டுக்குள் போகும் தடம் பெரும்பாலும் எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. கேட் திறந்திருக்கிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள். ஆபீஸில் கேளுங்கள், இல்லையென்றால் மேஸ்திரியிடமோ வாட்ச்மேனிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்க, அன்றைக்கு அந்தத் தடத்தில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை வாட்ச்மேன் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"எங்க தம்பி, மேலயா?"

"ஆமாண்ணே, அந்த ஷெட் வரைக்கும்."

"இப்ப வேண்டாம். குட்டியோட கரடி நின்னுச்சாம், கொழுந்தெடுக்கிறவங்களே கீழ வந்துட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வா, நானே சொல்றேன்."

எந்த வரைபடமும் அதைச் சொல்லியிருக்காது. மருந்து அடிக்கும் நாள், கவாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) நடக்கும் பகுதி எல்லாம் அவர்கள் வாயால்தான் தெரியும். கவாத்து முடிந்த இடத்தில் தடமெங்கும் வெட்டிய குச்சிகள் கூர்கூராகக் கிடக்கும், டியூப் தாங்காது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வனச்சட்டப்படி குற்றம். தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சைக்கிளைத் திருப்புங்கள். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது அது. 2024-இல் அதை ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரமான சோலைத் தரையில் ஒரு டயர் கிழித்த கோடு அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும்.

படி 5: மாதமும் நேரமும்

நீலகிரியில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூர் இருக்கும் கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மழைதான் கனம். 2009 நவம்பர் மண்சரிவில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

காலை ஏழரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் முடியுங்கள். விடியலும் அந்தியும் கரடிக்கும் காட்டெருமைக்கும் உரிய நேரம். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை பக்கம் யானைகள் வரும், அப்போது அங்கே சைக்கிளே வேண்டாம். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்பதை மறக்காதீர்கள். லாரி வருவது காட்டெருமைக்குத் தெரியும், நீங்கள் வருவது தெரியாது. அடுத்த பக்கம் தெரியாத வளைவுகளில் பேசிக்கொண்டோ மணியடித்துக்கொண்டோ போங்கள். காட்டெருமை நின்றால் தூரத்திலேயே இறங்கி, அது நகரும்வரை நில்லுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

பையில் ஒரு டியூப், டயர் லீவர், கைப்பம்பு, ஒட்டும் பேட்ச், வெள்ளைத் துணி, டிங்ச்சர். எவர்சில்வர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் (பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை). ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், அதனால் இறக்கத்துக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். ஹெல்மெட், கையுறை இல்லாமல் கிளம்பக் கூடாது. வெளியூர் வண்டியில் சைக்கிளைக் கொண்டுவருகிறவர்கள் நீலகிரிக்குள் வண்டி வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள்.

படி 6: ஏற்றம்

ஏற்றம் தொடங்குமுன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள், பாரம் விழுந்த பிறகு மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின் சக்கரத்தில் எடை குறைந்து மண்ணில் வழுக்கும். உட்கார்ந்தபடி முன்னால் லேசாகக் குனிந்து, பேச முடிகிற வேகத்தில் போங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கும் முதல் நாள் மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளுவதில் ஒன்றும் இல்லை, நானும் தள்ளுகிற ஏற்றங்கள் உண்டு.

படி 7: இறக்கம்

உச்சியில் நில்லுங்கள். ஜாக்கெட் போட்டு, இரண்டு பிரேக்கையும் அமுக்கிப் பார்த்து, பிறகு கிளம்புங்கள். வளைந்த ஹேண்டில்பார் என்றால் கை கீழ்வளைவில். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், உடல் பாரம் பெடலில், சீட்டில் இல்லை. முழங்கையையும் முட்டியையும் தளர்த்துங்கள், சைக்கிள் அடியில் ஆடட்டும், அதை அடக்கப் பார்க்காதீர்கள்.

வளைவுக்கு முன்பே, நேரான தடத்தில் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் விரல் பிரேக்கில் ஓய்வாக இருக்கட்டும். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் சைக்கிள் போகும். குழியைப் பார்த்தால் குழிக்குள், வளைவின் முடிவைப் பார்த்தால் அங்கே. டயர் ஓடி இறுகிய தடத்திலேயே போங்கள், நடுவில் சேர்ந்திருக்கும் தளர்ந்த சரளையைக் கடக்க நேர்ந்தால் திருப்பாமல் நேராக. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு குறையும். அழுத்தி, விட்டு, அழுத்தி வாருங்கள். விரல் வலித்தால் நின்று ஆற்றிக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், பேடைப் பாருங்கள், ஈரமான இடத்தில் நடந்திருந்தால் சாக்ஸுக்குள் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் புதுத் தடம் தேட வேண்டாம். அதே தடத்தில் எதிர்த்திசையில் போங்கள். மெல்ல ஏறியபோது ஒவ்வொரு கல்லாகப் பார்த்த இடத்தில் இப்போது இறங்குவீர்கள். கிளம்புமுன் அதே வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.