ஜாபா லட்டு: மார்வார் மேய்ப்பர் வீட்டுப் பிரசவ உணவு

ராஜஸ்தானின் மார்வார் பகுதியில், ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் ராய்க்கா மக்கள் உட்படப் பல சமூகத்தாரும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய நாட்களை ‘ஜாபா’ என்கிறார்கள். நமக்குப் பிரசவ லேகியம் எப்படியோ, அவர்களுக்குக் கோந்த் லட்டு என்னும் இந்த ஜாபா லட்டு அப்படி. உடம்பு தேறக் கொடுக்கும் கொழுத்த உணவு இது. இரத்தப்போக்கை நிறுத்தவோ கிருமித்தொற்றைத் தீர்க்கவோ செய்யாது.

கோந்த் என்பது குமட் மரத்திலோ கருவேல மரத்திலோ வடிந்து காய்ந்த பிசின். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் என்று கேளுங்கள். பாதாம் பிசினை வாங்கிவிடாதீர்கள், பலர் ஏமாறுவது இதில்தான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாதாம் பிசின் ஜெல்லியாக உப்பி நிற்கும்; கருவேலம் பிசின் கரைந்து பசையாகிவிடும்.

தேவையானவை: பிசின் 100 கிராம், கோதுமை மாவு 250, நெய் 300, தூளாக்கிய வெல்லம் 250, பாதாம் 50, துருவிய கொப்பரை 50, சுக்குத்தூள் 15, வறுத்துப் பொடித்த ஓமம் 5 கிராம். ஏறக்குறைய 25 லட்டு வரும்.

பிசினில் மரப்பட்டைத் துணுக்கு இருக்கும், பொறுக்கி எடுங்கள். பெரிய கட்டிகளைப் பட்டாணி அளவுக்கு உடைத்து ஒரு நாள் வெயிலில் வையுங்கள். ஈரம் இருந்தால் பொரியாது. நெய்யை மிதமான தீயில் காயவைத்து ஒரு துண்டு போட்டால் உடனே மேலே வந்து பூக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மேசைக்கரண்டி அளவாகப் போட்டுப் பொரியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நெய்யின் சூடு இறங்கி, வெளியே பொரிந்தும் உள்ளே கண்ணாடி போலவும் நின்றுவிடும். அது பல்லில் ஒட்டும், வயிற்றிலும் கனக்கும். ஒவ்வோர் ஈட்டிலும் ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்று உதிர்ந்தால் சரி. ஆறியதும் கிண்ணத்தின் அடியால் நசுக்குங்கள், மிக்சி வேண்டாம்.

மீந்த நெய்யில் பாதாமை வறுத்து எடுத்து நறுக்குங்கள். அதே நெய்யில் மாவைச் சிறு தீயில் 15, 20 நிமிடம், மணம் வந்து சிவக்கும்வரை கிளறுங்கள். அவசரப்பட்டால் பச்சை மாவு வாடை போகாது. அடுப்பை அணைத்துக் கொப்பரை, சுக்கு, ஓமம், பாதாம், பிசின் எல்லாம் சேருங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே வெல்லத்தைக் கலக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் பாகாகி, லட்டு கல்லாகும். பிடிக்கும்போது உதிர்ந்தால் ஒரு கரண்டி சூடான நெய் விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். ஈரக் கை படக் கூடாது.

சுகப்பிரசவமானால் பசி திரும்பிய பிறகு, காலையில் ஒன்று போதும். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையேல் பிசின் மலத்தை இறுக்கும். அறுவைச் சிகிச்சை நடந்தவர்களும் சர்க்கரை நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

லட்டோடு பால் குடிப்பது வழக்கம். ஒட்டகப் பாலோ ஆட்டுப் பாலோ, பொங்கக் காய்ச்சியே கொடுங்கள். காய்ச்சாத பாலில் புரூசெல்லா கிருமி இருக்கலாம். அது விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும், கர்ப்பிணிக்குக் கரு கலையவும் காரணமாகலாம். அதே காரணத்தால், கருச்சிதைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியைக் கர்ப்பிணி தொடவே கூடாது.

குழந்தைக்கு வெல்லத் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ நாவில் வைக்காதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலும், ஆறு மாதம்வரை தாய்ப்பாலும் மட்டுமே.

தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிறப்புறுப்பிலிருந்து வரும் போக்கு நாறினால், கடுந்தலைவலியோ வலிப்போ கண் மங்கலோ வந்தால், கைமருந்து எதையும் முயலாமல் 108ஐ அழையுங்கள்.