நிரல் இலவசம், பெயர் இரவல்: திறமூல மென்பொருளுடன் இணங்கும் பொருளுக்கான வர்த்தக முத்திரை விதிகள்

திறமூல மென்பொருளின் நிரலை எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். அப்படியானால் அதன் பெயரையும் லோகோவையும் நம் பொருளில் ஒட்டிக்கொள்ளலாம்தானே என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒட்டக் கூடாது. திறமூல மென்பொருளுக்குப் பரவலாகப் பயன்படும் அப்பாச்சி உரிமம் 2.0-இன் 6-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வர்த்தக முத்திரைக்கு இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

2006-இல், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கும் குழுவுக்கு இதே சிக்கல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அவர்கள் தங்கள் திருத்தங்களைச் சேர்த்திருந்தார்கள். லோகோவின் உரிமம் தங்கள் கொள்கைக்கு ஒத்துவராததால் அதைச் சேர்க்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லா இதை ஏற்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் வேண்டுமென்றால் லோகோவும் இருக்க வேண்டும், திருத்தங்களுக்கு ஒப்புதலும் பெற வேண்டும் என்றது. டெபியனில் உலாவியின் பெயர் ‘ஐஸ்வீசல்’ ஆனது. பழைய பெயர் திரும்பியது 2016-இல்தான்.

இனி செய்முறை. பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் திறமூல மென்பொருளான குபெர்னெட்டீஸை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்; அதன் விதிகள் தெளிவானவை.

படி 1: முத்திரை யாருடையது?

நிரல் எழுதியவரும் முத்திரை உரிமையாளரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் நிரலைப் பலர் எழுதினாலும், அந்தப் பெயர் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுடையது. குபெர்னெட்டீஸ் கூகுளில் பிறந்தாலும் முத்திரை லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பிடம் இருக்கிறது. உரிமையாளரின் தளத்தில் டிரேட்மார்க் விதிகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதை முழுதாகப் படியுங்கள்.

படி 2: உங்கள் பொருள் எந்த வகை?

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். குபெர்னெட்டீஸையே தொகுத்து வழங்கும் பொருள் ஒரு வகை. அதன்மேல் ஓடும் பொருள் வேறு வகை. ‘சான்று பெற்ற குபெர்னெட்டீஸ்’ என்ற சான்று முதல் வகைக்கு மட்டுமே உரியது: தொகுப்பாக வெளியிடுபவர்கள், சேவையாக நடத்துபவர்கள், நிறுவுகருவி தருபவர்கள். தரவைக் காப்புநகல் எடுக்கும் கருவி ஒன்றை நீங்கள் எழுதியிருந்தால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்தச் சான்று கிடைக்காது. வருத்தப்பட வேண்டாம். எதனுடன் இணைந்து இயங்குகிறது என்ற உண்மையைச் சொற்களில் சொல்ல உங்களுக்குத் தடையில்லை. லோகோவைத்தான் தொடக் கூடாது.

படி 3: சோதனையை ஓட்டுங்கள்

முதல் வகை என்றால், இணக்கச் சோதனைகளை சோனோபாய் போன்ற கருவியால் நீங்களே ஓட்டலாம். ஒன்றுகூடத் தோற்கக் கூடாது, எதையும் தவிர்க்கவும் கூடாது. முடிவுக் கோப்புகளையும் பொருள் விவரத்தையும் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டாக (சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கையாக) அனுப்ப வேண்டும். சான்றுத் திட்டத்தின் பங்கேற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறந்துவிடாதீர்கள். லோகோவுக்கான அனுமதி அதில்தான் இருக்கிறது.

படி 4: பெயர் வையுங்கள்

சான்று பெற்றவர்கள் தங்கள் நிறுவனப் பெயருடன் குபெர்னெட்டீஸ் என்ற சொல்லைச் சேர்த்துப் பொருளுக்குப் பெயரிடலாம். சான்று இல்லாதவர்கள் சொல்வரிசையில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் கருவியின் பெயர் ‘நங்கூரம்’ என்று வைத்துக்கொள்வோம். ‘குபெர்னெட்டீஸ் நங்கூரம்’ என்றால் அந்தத் திட்டமே வெளியிட்டது போலத் தோன்றும். ‘நங்கூரம்: குபெர்னெட்டீஸ் தொகுதிகளுக்கான காப்புநகல் கருவி’ என்றால் குழப்பம் இல்லை. நிறுவனப் பெயரிலும் இணைய முகவரியிலும் பிறர் முத்திரையை நுழைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய தலைவலி.

படி 5: எழுதும் முறை

முத்திரையை அடைமொழியாகவே எழுத வேண்டும் என்று பல விதிப் பக்கங்கள் கேட்கின்றன. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால் இது சற்றுச் சிக்கல். நானே மேலே ‘குபெர்னெட்டீஸை’ என்று எழுதியிருக்கிறேன். கட்டுரையில் பரவாயில்லை. அட்டைப்பெட்டியிலும் விளம்பரத்திலும் ‘லினக்ஸை’ என்பதற்குப் பதில் ‘லினக்ஸ் இயங்குதளத்தை’ என்று எழுதினால் பெயர் சிதையாது.

லோகோவின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றாதீர்கள். முத்திரை யாருடையது என்ற வரி அடியில் இருக்கட்டும்.

படி 6: புதுப்பியுங்கள்

சான்று ஒரு குறிப்பிட்ட பதிப்புக்குத்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய பதிப்பில் சோதித்து அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால் லோகோவை நீக்க வேண்டும்; இணையதளத்தில் மட்டுமல்ல, பழைய கையேடு, விற்பனைக் குழுவின் ஸ்லைடுகள், மறுவிற்பனையாளரின் பக்கம் என எல்லா இடத்திலும். லோகோவை எங்கெங்கே போட்டீர்கள் என்ற பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.