திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்: பயணங்களில் நடந்து ஊர் பார்க்க ஒரு செய்முறை

வேலை விஷயமாக வெளியூர் போகத் தொடங்கிய முதல் சில வருடங்களில் நான் பார்த்த ஊர்கள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன: விமான நிலையம், டாக்ஸியின் பின்சீட்டு, மீட்டிங் அறை, ஹோட்டல் அறை. குடும்பத்தோடு போனால் நேர் எதிர். ஒரே நாளில் ஆறு இடம் என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்புவோம். அப்படி ஒரு நாளில், மூன்றாவது இடத்தின் வாசலிலேயே அம்மா ஒரு கல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். உள்ளே போய் நான் என்ன பார்த்தேன் என்பது இன்று நினைவில்லை. அந்தத் திண்டும் அந்தக் காலும் நினைவிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான். "எங்கே போகலாம்?" என்ற கேள்வியிலிருந்துதான் எப்போதும் திட்டம் போட்டேன். "எத்தனை மணிக்குத் திரும்பி வந்து உட்கார வேண்டும்?" என்பதிலிருந்து தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. இப்போது நான் செய்கிற முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதுவரை பயணத்தில் நடந்தே பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது.

படி 1: முதலில் திரும்பும் நேரத்தை எழுதுங்கள்

ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு மீட்டிங். குளித்து, சாப்பிட்டு, அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணிநேரம் வேண்டும். ஆக 7.45க்கு அறைக்குள் இருக்க வேண்டும். 6.15க்குக் கிளம்பினால் கையில் இருப்பது 90 நிமிடம். இதைப் பாதியாகப் பிரித்து 7 மணிக்குத் திரும்பலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். திரும்பும் வழியில்தான் போகும்போது கவனிக்காத ஒன்று கண்ணில் படும், நிற்கத் தோன்றும். 6.50க்கே திரும்பிவிடுங்கள். அந்த 10 நிமிடம்தான் நடையைப் பதற்றமில்லாமல் வைத்திருக்கும்.

போனில் 6.50க்கு ஓர் அலாரம் வையுங்கள். அதற்கு அப்புறம் மணி பார்க்கவே தேவையில்லை. எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

படி 2: எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுங்கள்

ஆரோக்கியமான ஒருவர் சமதரையில் நிற்காமல் நடந்தால் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். ஊர் பார்த்துக்கொண்டே நடந்தால் அது 3 ஆகிவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் "20 நிமிடம்" என்று காட்டுவது நிற்காமல் நடப்பவருக்கான நேரம். குடும்பத்தோடு போகும்போது அதை இரண்டால் பெருக்கிவிடுங்கள்.

மலைப்பாதை என்றால் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணிநேரம். சுருக்கமாக, 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம் கூட்டுங்கள். இது நல்ல உடல்வாகு உள்ளவர்களுக்கான கணக்கு, ஓய்வு நேரம் இதில் சேராது. காட்சிமுனை "ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஏற்றம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 3: எட்டு போடுங்கள்

போன வழியே திரும்புவது சலிப்பு. பெரிய வட்டமாகச் சுற்றுவது அழகு, ஆனால் பாதி வட்டத்தில் யாருக்காவது கால் வலித்தால் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம். அதனால் குடும்பத்தோடு போகும்போது நான் எட்டு வடிவத்தில் பாதை போடுகிறேன். நடுவில் தங்குமிடமோ, வண்டி நிற்கும் இடமோ, உட்கார நிழலும் கழிப்பறையும் உள்ள ஓர் இடமோ இருக்கட்டும். முதல் சுற்று முடிந்ததும் எல்லாரும் அந்த நடு இடத்துக்கு வந்துவிடுவோம். முடிந்தவர்கள் இரண்டாவது சுற்றுக்குப் போகலாம். முடியாதவர்கள் குற்றவுணர்வில்லாமல் உட்காரலாம். அம்மா இப்போது பெரும்பாலும் இரண்டாவது சுற்றுக்கும் வருகிறார். வராமலும் இருக்கலாம் என்பது தெரிந்ததாலேயே வருகிறார் என்று நினைக்கிறேன்.

கிளம்பும் முன் மேப்பை ஆஃப்லைனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் அதற்கான இடம் வரும். இணையம் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப்புள்ளி காட்டும், ஏனென்றால் ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் கூகுள் மேப்ஸ் நடைபாதை வழி சொல்லாது. அது வேண்டுமென்றால் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலி உதவும். இல்லையென்றால் பாதையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.

படி 4: வெளிச்சத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்

கிழக்குப் பார்த்த முகப்புள்ள கட்டடத்தை மாலையில் போய்ப் பார்த்தால் நிழல் விழுந்து மங்கலாகத்தான் தெரியும். அதே கட்டடம் காலையில் வேறு கட்டடம். சிற்பங்கள் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் செதுக்கலின் ஆழம் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஆகவே கிழக்கு முகம் காலைக்கு, மேற்கு முகம் மாலைக்கு, கூரைக்குக் கீழே உள்ளவை எல்லாம் நடுப்பகலுக்கு. பட்டியலை இப்படிப் பிரித்தாலே பாதித் திட்டம் முடிந்துவிடும்.

மாலை நடைக்கு இன்னொன்று. கையை முன்னால் நீட்டி, நான்கு விரல்களைப் படுக்கவைத்து, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். நான்கு விரல் அகலம் ஏறக்குறைய 8 பாகை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அது கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், நான்கு விரல் இடைவெளி இருந்தால் மறைய இன்னும் சுமார் அரைமணி நேரம் இருக்கிறது. துருவங்களின் பக்கம் போகப் போக சாய்வாக இறங்கும், நேரம் கூடும். ஒரு விரலுக்குக் கால்மணி நேரம் என்று சிலர் சொல்லுவார்கள். வெப்பமண்டல ஊர்களில் அதை நம்பி நடந்தால் இருட்டில்தான் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே அந்திவெளிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

படி 5: கால்

இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

புது ஷூவைப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் வீட்டைச் சுற்றிப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். வாங்கப் போவதும் மாலை நேரமாக இருக்கட்டும், நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும். தனிப் பருத்தியால் ஆன சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமான தோல் சீக்கிரம் உராயும். கம்பளியோ செயற்கை இழையோ கலந்த சாக்ஸ் நல்லது.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கினால் கொப்புளம் நிச்சயம். பல ஷூக்களில் மேலே கடைசியாக, கணுக்காலை ஒட்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு, இரண்டு பக்கமும் சின்ன வளையம் போல விடுங்கள். வலது லேஸ் முனையை இடது வளையத்துக்குள்ளும், இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்ப்பக்கமாக இழுத்து இறுக்குங்கள். அப்புறம் வழக்கமான முடிச்சு. ஷூவின் முன்பக்கம் தளர்வாகவே இருக்கும், குதிகால் மட்டும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் செய்த அன்றே வித்தியாசம் தெரியும்.

கொப்புளம் வரும் முன் அந்த இடம் சூடாக, லேசாக எரியும். "அடுத்த இடத்துல பாத்துக்கலாம்" என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து, காலைத் துடைத்து, ஒரு பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. விட்டுவிட்டால் அடுத்த மூன்று நாள் போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைவாக இருக்கலாம், எரிச்சலே தெரியாது. அவர்கள் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

படி 6: குடும்பத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்

வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய், நின்று, பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்பட்டவருக்குக் கிடைப்பதில்லை. மெதுவாக நடப்பவர் முன்னால் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

பெரியவர்களிடம் "நடப்பீங்களா?" என்று கேட்டால் "நடப்பேன்" என்றுதான் சொல்வார்கள். "உட்காராம எவ்வளவு நேரம் நடப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் கால்மணி நேரம் என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார இடம் இருக்கும்படி பாதையைப் போடுங்கள்.

குழந்தைகளைத் தூரத்தைவிட சலிப்புதான் அதிகம் களைப்பாக்கும். என் மகளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்துவிடுவேன்: அடுத்த திருப்பம் எது என்று மேப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை பெரிய கோட்டைச் சுவரை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கீழே உட்கார்ந்து கல் இடுக்கில் எறும்புகள் ஒரு வண்டின் இறக்கையை இழுத்துப் போவதைப் பார்த்தாள். இறக்கை இடுக்கைவிட அகலம். திருப்பித் திருப்பி முயன்று கடைசியில் செங்குத்தாக உள்ளே நுழைத்தன. 12 நிமிடம் அங்கேயே நின்றோம். திரும்பும் நேரத்தில் அந்த இடைவெளி விட்டிருந்ததால் யாரும் அவளை இழுக்க வேண்டியிருக்கவில்லை.

படி 7: வேலைப் பயணத்தில் முதல் நாளே நடந்துவிடுங்கள்

"கடைசி நாள் நேரம் கிடைக்கும்" என்பது அநேகமாக நடக்காது. மீட்டிங் நீளும். போய்ச் சேர்ந்த அன்றே, பெட்டியை வைத்துவிட்டு, அரைமணி நேரமாவது வெளியே போங்கள். நேர மண்டலம் தாண்டிப் போயிருந்தால் இது உடம்புக்கும் நல்லது. உடலின் கடிகாரம் புது நேரத்துக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் என்ற அளவில்தான் நகரும். அதை நகர்த்துவதில் பகல் வெளிச்சத்துக்கு இணையாக எதுவும் இல்லை.

தனியாகப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், வரவேற்பு மேசையில் "இங்கே நடக்கப் போனால் எந்தப் பக்கம் வேண்டாம்?" என்று கேளுங்கள். எங்கே போகலாம் என்று கேட்டால் சுற்றுலாத் துண்டறிக்கை கையில் வரும். எந்தப் பக்கம் வேண்டாம் என்று கேட்டால் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். ஹோட்டலின் பெயரும் முகவரியும் அந்த ஊர் மொழியில் உள்ள அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் எதிர்ப்பக்கமாக ஓடும் நாடு என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் சாலையைக் கடக்க வேண்டும். பழகிய கண் தவறான பக்கத்தைத்தான் முதலில் பார்க்கும்.

படி 8: குறைவாகப் பாருங்கள்

அருங்காட்சியகங்களில் வரும் அலுப்புக்கு "அருங்காட்சியகச் சோர்வு" என்றே பெயர் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் அதைப் பற்றி எழுதினார். கண்ணாடிப் பேழைகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே காட்டினார். ஆகவே சோர்ந்து போனால் உங்களுக்கு ரசனை இல்லை என்று அர்த்தமில்லை. மூன்று கூடங்கள், நடுவே ஓர் உட்காரல், அவ்வளவு போதும்.

போட்டோ எடுப்பதிலும் அப்படித்தான். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் முழுப் பொருளையும் போட்டோ எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருட்களைவிட அவை குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: முதல் சில நிமிடம் போன் பையில், அப்புறம் மனதுக்குப் பிடித்த ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் கிட்டப்போய் ஒரு படம்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணையும் பயணத்தில் விட்டுவிடுங்கள். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. "பத்தாயிரம் அடி மானி" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

படி 9: அறைக்கு வந்ததும்

பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். மழையில் நனைந்திருந்தால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, ஒரு மணிநேரம் கழித்து மாற்றுங்கள். ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடித்துக் காய வைக்க வேண்டாம், சூட்டில் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். இரவு முழுக்க மின்விசிறிக்கு நேராக, வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால் காலை 6 மணிக்குப் போட்டுக்கொள்கிற அளவுக்குக் காய்ந்திருக்கும்.