காப்புறுதிப் பத்திரத்தில் யார் பெயர்? கடனுக்கு யார் பொறுப்பு?

ஆயுள் காப்புறுதி எடுத்தவர்களில் பலர் தவணைப்பணத்தைத் தவறாமல் கட்டுவார்கள். பத்திரத்தை விரித்துப் படித்திருக்க மாட்டார்கள். அதை அலுமாரியிலிருந்து எடுங்கள். ஒரு கொப்பியும் பேனாவும் கூட வேண்டும்.

முதல் வேலை: கடன் கணக்கு

பணத்தைப் பெறுபவராக, அதாவது பின்னுரித்தாளராக, யார் பெயரை எழுதுவது என்பது பிறகு. வங்கிக் கடன், முச்சக்கரவண்டிக்கோ உழவு இயந்திரத்துக்கோ எடுத்த லீசிங், பெரும்போகத்துக்கு உரம் வாங்கிய கடைப் பாக்கி, அடகிலுள்ள நகை, ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டின் மிச்சத் தவணை என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடயங்கள் வேண்டும்: மீதி எவ்வளவு, பிணை யார், அந்தக் கடனுக்கென்றே காப்புறுதி உண்டா. வீட்டுக் கடனுக்குப் பெரும்பாலும் வங்கியே அப்படியொன்றை எடுக்க வைத்திருக்கும். அது வீட்டாருக்குத் தெரியாவிட்டால், அடைபட வேண்டிய கடனுக்கு அவர்கள் வீணாகத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது: பிணைக் கையொப்பங்கள்

இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்படும். பிள்ளைகள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிணை நின்றவருக்கு விடுதலை இல்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இதுதான் பெரிய சிக்கல். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. அது அவளுடைய சொத்து. கணவனின் கடனுக்காக அதில் கைவைக்க முடியாது. அவளே பிணை நின்றிருந்தாலோ, வீட்டை ஈடு வைக்கக் கையொப்பமிட்டிருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கடனிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஆகவே மனைவி கையொப்பமிட்ட கடன்களுக்கு அடிக்கோடிடுங்கள். முதலில் தீர வேண்டியவை அவைதான்.

மூன்றாவது: கழித்துப் பாருங்கள்

உதாரணமாகக் காப்புறுதித் தொகை 20 இலட்சம் ரூபாய். அந்தப் பத்திரத்தின் மீதே பெற்ற கடன் 2 இலட்சம். அதையும் வட்டியையும் நிறுவனம் கழித்துக்கொண்டுதான் கொடுக்கும். வங்கிக்கு 7, லீசிங்குக்கு 4. மிஞ்சுவது 7 இலட்சத்துக்கும் குறைவு. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது எத்தனை மாதம் போதும்? போதாதென்றால், மரணக் காப்பு மட்டும் தரும் திட்டத்தைக் கேளுங்கள். அதன் தவணை குறைவு. முகவர் தானாக அதை எடுத்துக் காட்டுவது அபூர்வம். பத்திரத்தை வங்கிக்கு உரிமை மாற்றிக் கொடுத்திருந்தால், வங்கி தன் பாக்கியை எடுத்த பிறகே மிச்சம் வரும்.

நான்காவது: பெயர்

திருமணத்துக்கு முன் எடுத்த பத்திரத்தில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். இருவரையும் எழுதலாம்: மனைவிக்கு 70 வீதம், தாய்க்கு 30 வீதம் என்று. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எழுதினால், பணத்தைப் பொறுப்பேற்க ஒரு பெரியவரையும் குறிப்பிட வேண்டும். “தம்பி, கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை மச்சாளிடம் கொடு” என்ற வாய்ப்பேச்சு ஏற்பாட்டை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் கடன்காரர்கள் இருப்பார்கள்.

பெயரே எழுதாவிட்டால் வாரிசுகள் நீதிமன்ற ஆவணங்களுக்கு அலைய நேரிடலாம். தேசவழமை என்ற வழமைச் சட்டம் வடக்குத் தமிழருக்கு உரியது. இங்குள்ள தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் (உயில்) இல்லாதபோது பாதி வாழ்க்கைத் துணைக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். முஸ்லிம்களுக்குத் தனி விதிகள்.

எழுத்துப் பிழையைக் கவனியுங்கள். முதலெழுத்து உட்பட, தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் பின்னுரித்தாளரைத் தனித்தனியே பதிய வேண்டும். காப்புறுதியில் மாற்றினால் அங்கே மாறாது.

கடைசியாக: கடிதம்

மாற்றத்தை எழுத்தில் கொடுத்து, பதிவு செய்ததற்கான உறுதிக் கடிதத்தை வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் “செய்தாயிற்று” என்று சொல்வது போதாது. அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை பழைய பெயரே இருப்பதாக எண்ணுங்கள்.