பழக் கப்பலின் வயதைப் படம் பார்த்துச் சொல்வது எப்படி

பழைய கப்பல் படத்தை அனுப்பி, “இது வாழைப்பழக் கப்பலா? எந்தக் காலத்தது?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பதினாறு வருடம் ரீஃபர் கப்பல்களில், அதாவது சரக்கைக் குளிரூட்டிக் கொண்டுபோகும் கப்பல்களில், குளிர்பதன எஞ்சினியராக இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். கப்பலுக்குள்ளேயே கிடந்தவரை அதன் வெளித்தோற்றத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வேலையை விட்டு, படம் சேகரிக்க ஆரம்பித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதில் பிடிபட்ட சூட்சுமம் ஒன்றுதான். கப்பலைப் பார்க்கும்போது வாழைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலில் இருக்கிற வளைவு, கதவு, ஓட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் காயின் ஏதாவது ஒரு குணம் இருக்கும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது வெள்ளை நிறத்தை. அமெரிக்க வாழைப்பழ வியாபாரியான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தன் கப்பல்களுக்கு வெள்ளையடித்தது. ‘கிரேட் ஒயிட் ஃப்ளீட்’ என்றே அவற்றுக்குப் பெயர். கரீபியன் வெயிலில் இரும்பு உடல் சூடேறினால் உள்ளே குளிரூட்டும் எந்திரத்துக்கு வேலை கூடும். காரணம் சரிதான். ஆனால் பயணிகள் கப்பலும் வெள்ளை, ஆஸ்பத்திரிக் கப்பலும் வெள்ளை. டென்மார்க்கின் லாரிட்சன் கம்பெனியோ தன் ரீஃபர்களுக்குச் சிவப்பு அடித்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் அது இருட்டாகத்தான் தெரியும். போர்க்காலத்தில் சாம்பல் நிறம். ஆகவே நிறத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது உடல்வாகு. 1882இல் டுனெடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கொண்டுபோனது. அது பாய்மரக் கப்பல். போய்ச் சேர 98 நாள் ஆனது. உறைந்த கறி காத்திருக்கும். பச்சை வாழைக்காய் அப்படியில்லை, வெட்டிய பிறகும் அது மூச்சு விடுகிறது, உள்ளுக்குள் சூடு உண்டாக்குகிறது, பழுக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் பழக் கப்பலுக்கு ஓட்டம் முக்கியம். சாதாரண சரக்குக் கப்பல் 14, 15 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போன காலத்திலேயே ரீஃபர்கள் 20 நாட்டைத் தொட்டன. படத்தில் மூக்கு கூர்மையாக, மேலே போகப் போக வெளியே விரிந்து, இடுப்பு ஒடுங்கி, ஏதோ உல்லாசப் படகு மாதிரி இருந்தால் சந்தேகத்தை வலுப்படுத்துங்கள்.

நீர்மட்டத்தையும் பாருங்கள். சுமை ஏற்றிய பிறகும் பழக் கப்பல் தாது ஏற்றிய கப்பல் மாதிரி அமுங்கிக் கிடக்காது. பழம் எடைக்கு முன் இடத்தைத் தின்றுவிடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் ரீஃபரின் அளவை டன்னில் சொல்லாமல் கன அடியில் சொல்வார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த கப்பல் ‘ஆறு லட்சம்’. அவ்வளவு சொன்னாலே போதும்.

ஹேட்சுகள், அதாவது சரக்கு இறக்கும் மேல்தளத் திறப்புகள், சிறியவையாக இருக்கும். பெரிதாகத் திறந்தால் குளிர் போய்விடும். அவற்றைச் சுற்றி நிற்கும் காற்றுவழிகளைப் பெரிதுபடுத்திப் பாருங்கள். பழைய படங்களில் காது மடல் போல வளைந்த பெரிய குழாய்கள் வரிசையாக நிற்கும். பிந்தைய கப்பல்களில் பாய்மர அடியில் சின்னக் கட்டடங்களும் காளான் தலை மூடிகளும் இருக்கும், உள்ளே மின்விசிறிகள். (பாய்மரம் என்பது பேச்சுக்கு, சரக்குத் தூக்கும் டெரிக்கைத் தாங்கும் கம்பம்தான்.) காய் விடும் கரியமில வாயுவையும் எதிலீனையும் வெளியேற்றியே ஆக வேண்டும். ஒரு தார் எங்காவது பழுக்க ஆரம்பித்தால் அது விடும் எதிலீன் மொத்த ஹோல்டையும் (சரக்கு அறையையும்) பழுக்க வைத்துவிடும். நடுக்கடலில் ஹோல்டைத் திறந்ததும் பழவாசனை வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

உள்ளே எடுத்த படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கூரை தாழ்வாக, தட்டுத் தட்டாகப் பல தளங்கள் இருக்கும், உயரமாக அடுக்கினால் அடியில் உள்ளது நசுங்கிவிடும் என்பதால். தரையில் கிராதி போட்டிருக்கும். குளிர்காற்று அதன் அடியில் ஓடி, சரக்கின் ஊடாக மேலேறி, கூலருக்குத் திரும்பும்.

இந்தக் கிராதியை நான் மறக்க முடியாது. வாழைக்கு உள்ளே அனுப்பும் காற்று சுமார் 13.3 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது அனுப்பும் காற்றை, திரும்பி வரும் காற்றை அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை மாற்றிப் பார்த்தேன். காய் இன்னும் சூடாக இருந்ததால் திரும்பும் காற்று இறங்க மறுத்தது. நானும் எந்திரத்தை முடுக்கிக்கொண்டே போனேன். கிராதிக்கு அடியில் காற்று 11க்குக் கீழே போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு இரவு. மூன்றாம் நாள் தலைமை எஞ்சினியர் அடித்தட்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்துவந்து, பேசாமல் நகத்தால் தோலைக் கீறி உரித்துக் காட்டினார். வெளியே அழகான பச்சை. தோலுக்கு உள்பக்கம் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய பழுப்புக் கோடுகள். குளிர் அடித்த காய் பிறகு பழுத்தாலும் மஞ்சளாகாது, சாம்பல் பூத்த நிறத்தில் நிற்கும், வாங்க ஆளிருக்காது.

சரி, வயதுக்கு வருவோம். நிச்சயமான ஆதாரம் சரக்கை ஏற்றும் விதம்தான்.

தார் தாராக, காம்போடு தோளில் சுமந்து போகிறார்களா, அல்லது கான்வாஸ் பைகள் கோத்த ஏற்றி எந்திரம் தாரை மேலே தூக்குகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் 1960களுக்கு முந்தைய படம். அப்போது ஏற்றியது க்ரோ மிஷெல் ரகம். தடித்த தோல், அடி தாங்கும். பனாமா வாடல் நோய் அந்த ரகத்தின் தோட்டங்களை அழித்தது. மாற்றாக வந்த கேவண்டிஷ் ரகம் அன்றைய அந்த நோயைத் தாங்கியது, அடியைத் தாங்கவில்லை. அதனால் தோட்டத்திலேயே சீப்புகளாக வெட்டி அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தார்கள். பெட்டி கண்ணில் பட்டால் 1950களின் கடைசிக்கு முன்னால் போகாதீர்கள். இன்றுவரை ஒரு பெட்டி 18.14 கிலோ, அதாவது 40 பவுண்டு. கப்பலின் பக்கவாட்டில் கதவு திறந்து, மரத்தட்டோடு (பேலட்) பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் உள்ளே தள்ளினால் அது இன்னும் பிந்தையது. மேல்தளத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருந்தால் அதற்கும் பிறகு. 1999இல் வந்த டோல் சிலி, டோல் கொலம்பியா கப்பல்களில் பழம் முழுவதும் கண்டெய்னரில்தான். அந்தக் காலத்துக்குப் படம் பார்த்துச் சொல்வது சிரமம், கண்டெய்னர் கப்பல்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி.

மேலே சொன்னதோடு பாலம் (கப்பலை ஓட்டும் மேலறை) எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருந்தால் பழசு. பின்பக்கம் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் 60களோ அதற்குப் பிறகோ. நடுவே உயர்ந்த வெள்ளை மாடியும் உலாவத் தளங்களும் தெரிந்தால், பழத்தோடு பயணிகளையும் ஏற்றிய கப்பல். கூட்டம் கூடி வரவேற்கும் துறைமுகப் படம் வந்தால் தேதியை விசாரியுங்கள். பிரிட்டன் 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியை நிறுத்தியது. போர் முடிந்த பிறகு முதல் பழத்தோடு டிலாபா என்ற கப்பல் ஏவன்மவுத் துறைமுகத்துக்கு வந்தது 1945 டிசம்பர் 30இல். 1901இல் ஜமைக்காவிலிருந்து குளிரூட்டிய வாழையோடு போர்ட் மோரன்ட் வந்துசேர்ந்ததும் அதே துறைமுகத்துக்குத்தான்.

கடைசியாகத்தான் பெயர். முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ எழுத்து தெரிந்தால் கப்பல்களைப் பரிசோதித்துப் பதிவு செய்யும் லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகளில் தேடலாம். குளிர்பதன எந்திரத்துக்கு அவர்கள் தனியாகச் சான்று கொடுத்திருப்பார்கள், அதுவும் பதிவில் இருக்கும். ஆனால் பெயரை மட்டும் நம்பி நானே ஒருமுறை ஏமாந்தேன். சான் ஹோசே என்று எழுதியிருந்தது. பெல்ஃபாஸ்ட்டில் வொர்க்மன் கிளார்க் கப்பல் தளம் 1904இல் யுனைடெட் ஃப்ரூட்டுக்காகக் கட்டிய மூன்று கப்பல்களில் ஒன்று அது. மற்றவை லிமோன், எஸ்பார்ட்டா. குதித்துக்கொண்டு பதில் எழுதிவிட்டேன். நாலு நாள் கழித்துப் புகைபோக்கியை மறுபடி பார்த்தேன். குட்டையாக, தடியாக, பின்னால் சாய்ந்து நின்றது. 1904இன் ஒல்லி உயரமே இல்லை. அந்த மூன்று பெயர்களையும் கம்பெனி 1945இல் கட்டிய புதிய கப்பல்களுக்கு மறுபடியும் வைத்திருந்தது.