பழைய எண்ணெய் ஓவியத்தில் மறுபடி கை வைப்பது எப்படி

2008 ஆடிப்பெருக்கன்று காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் பார்த்ததை, வீட்டுக்கு வந்து இரண்டடி கேன்வாஸில் வரைந்தேன். பதினாறு வருஷம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது தண்ணீரின் நீலம். ஆடியில் காவிரி நீலமாகவா ஓடும்? செம்மண் கரைந்த புதுத்தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் நீலத்தைப் பூசியிருக்கிறேன். அதைத் திருத்திய விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

உடனே தூரிகையை எடுக்காதீர்கள். ஒரு வாரம் எதிரே மாட்டி வைத்துப் பாருங்கள். வெனிஸ் ஓவியர் டிஷியன், கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்கில் விட்டுவைத்துவிட்டு, பிறகு எதிரியைப் பார்ப்பதுபோல் ஆராய்வாராம். இளைய வெனிஸ் ஓவியர் பால்மா ஜியோவானே சொன்னதாக அப்படி ஒரு குறிப்பு உண்டு. நான் செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். தண்ணீரும் கருங்கல் படியும் ஒரே சாம்பல். குற்றம் நிறத்தில் மட்டும் இல்லை, வெளிச்சத்திலும் இருந்தது. ஆக, தண்ணீரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு படத்தில் எதை மாற்றப்போகிறோம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது.

அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வண்ணம் செதில் செதிலாகத் தூக்கியிருந்தால் அங்கே கை வைக்கவே கூடாது. கேன்வாஸ் தொய்ந்திருந்தால் சட்டத்தின் மூலையில் உள்ள மர ஆப்புகளை மெல்லத் தட்டினால் இறுகும்.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். படிந்த அழுக்குக்குப் பஞ்சை எச்சிலில் நனைத்து உருட்டி எடுத்தால் போதும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் ஓவியங்களைச் சீர்செய்யும் நிபுணர்களே இதைச் செய்கிறார்கள். பஞ்சில் அழுக்குக்குப் பதில் வண்ணம் வந்தால் நிறுத்திவிடுங்கள். வார்னிஷ் பூசிய படமென்றால் அதை முதலில் நீக்க வேண்டும். அதன்மேல் வண்ணம் தீட்டினால், பின்னாளில் வார்னிஷைக் கழுவும்போது திருத்தமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து பழைய தூரிகைத் தடங்கள். என் நீல அலைகள் மேடு மேடாக இருந்தன. மேலே எதைப் பூசினாலும் அவை காட்டிக்கொடுக்கும். 400 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, மேடுகளை மட்டும் லேசாகத் தேய்த்தேன். உலர்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சில வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் உண்டு, அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும், அன்றைக்கு வரையப்போகும் இடத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவு கலந்து துணியால் தடவி, உடனே ஒற்றி எடுங்கள். மங்கிய நிறங்கள் வரைந்த அன்று இருந்ததுபோல் எழுந்து வரும். புது நிறத்தை அதற்குப் பொருத்திக் கலக்கலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பழைய எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் ஒட்டாது. எண்ணெய் வண்ணம்தான் வேண்டும், அதிலும் மேல்பூச்சில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும். வருஷங்கள் போகப் போக எண்ணெய் வண்ணம் கொஞ்சம் ஊடுருவித் தெரியும்படி ஆகிவிடும் என்பதால், நீலம் பிறகு எட்டிப் பார்க்காமலிருக்க டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (காவி மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) மூன்றையும் கலந்து கெட்டியாகப் பூசினேன். முதல் பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே இரண்டாவது. படியோரம் நிழல் விழும் இடத்தில் மட்டும் பழைய நீலத்தை அப்படியே விட்டேன், அங்கே அது பொருந்தியது. புது வண்ணம் பழையதைத் தொடும் ஓரங்களை உலர்ந்த தூரிகையால் இழுத்து விடுங்கள், ஒட்டுப்போட்டதுபோல் தெரியாது.

தண்ணீர் வெளிறியதும் படிகள் தாமாகவே ஈரக் கருங்கல்லாக மாறின. மேல்படியில் புடவையைப் பிழிந்துகொண்டிருக்கும் பெண்ணின் முழங்கையும் சரியாக வரையப்படவில்லை. திருத்த உட்கார்ந்தேன், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். அந்தக் கோட்டில் இருக்கும் வேகம் இப்போது என் கையில் வராது.

வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். பின்பக்கத்தில் இரண்டு வருஷங்களையும் எழுதி வையுங்கள். என் படத்தில் 2008, 2024 என்று இருக்கிறது.